குடிபெயர்வும் ஒப்பந்தக் கடமையும்



வீடு மாறுதல் நம் நாட்டு உத்தியோகத்தர் குடும்பங்களுக்குப் புதியதொன்றன்று. ஆசிரியர், தபாலதிபர், புகையிரத நிலைய அதிபர், வைத்தியர், பொலிஸ் உத்தியோகத்தர் என, இடமாற்றக் கட்டளை கைக்கு வந்ததும் பெட்டி படுக்கையைக் கட்டுவோர் பலர். முன்னாளிலே வீடு மாறுவோர் பால்காரருக்கும் கடைக்காரருக்கும் கணக்குத் தீர்த்து, வீட்டுக்காரரிடம் திறப்பைக் கொடுத்து, லொறியிலே சாமான்களை ஏற்றினால், அந்த வீட்டோடு இருந்த கொடுக்கல் வாங்கல் அன்றோடு முடிந்துவிடும். இக்காலத்திலோ சாமான்கள் யாவும் போய்ச் சேர்ந்த பின்னரும் ஒரு கடமை மட்டும் பழைய வீட்டிலே தங்கிவிடுகின்றது. இணைய இணைப்புக்கும் கட்டணத் தொலைக்காட்சிக்கும் நாம் கையொப்பமிட்டுக் கொடுத்த தவணை ஒப்பந்தமே அது. அத்தவணை முடியுமுன் குடிபெயர நேர்ந்தால், எஞ்சிய மாதங்களின் சுமை யாருடையது? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

இப்பொருளை நான் தேர்ந்ததற்கு என் சொந்த அனுபவமே காரணம். சில ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்திலே ஒரு வாடகை வீட்டில் இருந்தபோது, பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு ஒரு நிறுவனத்தின் இணைய இணைப்பைப் பெற்றேன். இணைப்புக்குப் பணம் வேண்டாம், ரவுட்டரும் இலவசம் என்றார்கள். ஒப்பந்தக் காலம் இருபத்துநான்கு மாதம் என்பது படிவத்தின் பின்புறத்திலே சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. வினாத்தாளை இருமுறை வாசித்த பின்னரே விடை எழுதவேண்டும் என்று ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லும் நான், அப்படிவத்தை ஒருமுறை கூட வாசியாது கையொப்பமிட்டேன். பத்தாம் மாதத்தில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராமப் பாடசாலை ஒன்றுக்கு இடமாற்றம் வந்தது. அக்கிராமத்திலே அந்நிறுவனத்தின் கம்பி இல்லை. கம்பியைக் கழற்றுவித்து, ரவுட்டரையும் ஒப்படைத்துவிட்டுப் போனேன். அடுத்த மாதமே எஞ்சிய பதினான்கு மாதங்களுக்குமான தொகையைக் கேட்டுக் கடிதம் வந்தது. ஆள் குடியிருக்காத வீட்டுக்கு, அங்கே இல்லாத கம்பிக்குப் பணம் கட்டினேன்.

அன்று எனக்கு நிறுவனத்தின்மேல் மிகுந்த கோபமே இருந்தது. பின்னர் ஆறுதலாக ஆராய்ந்தபோது அதன் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டென்பது புலனாயிற்று. இரு பக்க நியாயத்தையும் நிறுத்துப் பார்த்தாலன்றி இவ்விடயத்திலே முடிவுக்கு வருதல் இயலாது.

நிறுவனங்கள் தவணையை ஏன் வற்புறுத்துகின்றன? வீதியிலுள்ள தூணிலிருந்து வீட்டுக்குக் கம்பி இழுக்க வேண்டும். தொழிலாளரை அனுப்ப வேண்டும். தொலைக்காட்சியாயின் கூரையிலே டிஷ் அன்ரெனாவைப் பொருத்தி, உள்ளே ஒரு பெட்டியும் கொடுக்க வேண்டும். இச்செலவு முழுவதையும் முதல் நாளிலேயே கேட்டால் இணைப்பை நாடி வருவோர் குறைவர். ஆகையால் நிறுவனம் அதனைத் தானே முதலில் ஏற்று, மாதக் கட்டணத்தினுள்ளே சிறிது சிறிதாகச் சேர்த்து அறவிடுகின்றது. இலவசம் என்று நாம் கருதிய பொருள் உண்மையிலே தவணைக் கடனேயாகும்.

இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். இதிற் கூறும் தொகைகள் விளக்கத்தின் பொருட்டு நான் வைத்துக்கொண்டவையேயன்றி எந்த நிறுவனத்தின் விலையும் அல்ல. இணைப்புச் செலவு 24,000 ரூபா என்றும், மாதக் கட்டணம் 3,000 ரூபா என்றும், ஒப்பந்தக் காலம் 24 மாதம் என்றும் கொள்வோம். மாதந்தோறும் செலுத்தும் 3,000 ரூபாவில் 1,000 ரூபா இணைப்புச் செலவை மீட்பதற்குப் போகின்றது. எஞ்சிய 2,000 ரூபா அம்மாதத்துச் சேவைக்கும் நிறுவனத்தின் இலாபத்துக்கும் உரியது. பத்து மாதம் சென்றபின் வாடிக்கையாளர் விலகினால், மீட்கப்படாத இணைப்புச் செலவு 14,000 ரூபா. ஆனால் எஞ்சிய பதினான்கு மாதக் கட்டணத்தையும் முழுதாகக் கேட்டால் அது 42,000 ரூபா ஆகின்றது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள 28,000 ரூபா இனிமேல் வழங்கப்படாத சேவையின் விலையாகும். அதிலே நிறுவனம் எதிர்பார்த்த இலாபமும் உண்டு. சேவை வழங்காமையால் நிறுவனத்துக்கு மிச்சமாகும் செலவும் உண்டு. முன்னையதை இழப்பென்று சொல்லலாம். பின்னையதை இழப்பென்று எவ்வாறு சொல்வது? பிரித்தானியாவில் தொடர்பாடற் சேவைகளை மேற்பார்வை செய்யும் ஒஃப்கொம் என்னும் நிறுவனம், தவணைக்கு முன் விலகுவோரிடம் கேட்கும் தொகை, எஞ்சிய கட்டணங்களிலிருந்து நிறுவனத்துக்கு மிச்சமாகும் செலவைக் கழித்த தொகைக்கு மேற்படலாகாது என்று வழிகாட்டியிருப்பது இவ்வேறுபாட்டை உணர்ந்தேயாம்.

எனினும் கணக்கினால் மட்டும் இவ்வினா தீர்ந்துவிடுவதில்லை. வாக்குக் கொடுத்தவன் தன் நிலைமை மாறியதென்று அதிலிருந்து விலகலாமா என்ற வினா அதனடியிலே கிடக்கின்றது. இதனை நாட்டின் இறுதி நீதிமன்றம்வரை கொண்டுசென்று, பின்பு சட்டசபையிலும் வேறொரு விடை கண்ட நாடு ஜேர்மனி. நம்மவர் பலர் குடியேறி வாழும் நாடாதலின், அங்கே நடந்ததை அறிதல் அவர்க்கும் பயன்படும். நமக்கும் தெளிவு தரும்.

2007ஆம் ஆண்டு மே மாதத்திலே ஜேர்மனியர் ஒருவர் தம் வீட்டுக்கு டி.எஸ்.எல். என்னும் இணைய இணைப்பைப் பெற்றார். தொலைபேசிச் செப்புக் கம்பியின் வழியே இணையத்தைத் தரும் முறை அது. ஒப்பந்தக் காலம் இரண்டு ஆண்டு. அவ்வாண்டு நவம்பரிலே அவர் அதே மாவட்டத்திலுள்ள வேறோர் ஊருக்குக் குடிபெயர்ந்தார். அவ்வூரிலே டி.எஸ்.எல். இணைப்புக்கு ஏற்ற கம்பிகள் இல்லை. இணைப்பைப் புதிய வீட்டுக்கு மாற்றித் தரும்படி கேட்டார். இயலாது என்றது நிறுவனம். அங்ஙனமாயின் ஒப்பந்தத்தை முறிக்கின்றேன் என்றார். நிறுவனமோ மாதக் கட்டணத்தைத் தொடர்ந்து கேட்டது. அவர் நீதிமன்றத்தை நாடினார். கீழ் நீதிமன்றங்கள் அவர் கோரிக்கையைத் தள்ளின. கார்ல்ஸ்றூ நகரிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் குடியியல் வழக்குகளுக்கு அந்நாட்டின் இறுதி மேன்முறையீட்டு மன்றாகும். அதுவும் 2010ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் திகதி அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பின் காரணங்கள் கவனித்தற்குரியன. நெடுங்கால ஒப்பந்தம் ஒன்றிலே புகுபவர், தம் சொந்த வாழ்க்கை நிலை மாறி அச்சேவையைப் பயன்படுத்த முடியாமற் போகக்கூடிய ஆபத்தைத் தாமே ஏற்கின்றார். வீடு மாறும் முடிவு அவருடைய பக்கத்திலே பிறந்தது. நிறுவனத்துக்கு அதில் யாதொரு பங்கும் இல்லை. மேலும், தவணை நீண்டதாய் இருந்தமையினாலேயே மாதக் கட்டணம் குறைவாய் இருந்தது. ரவுட்டர் முதலியவற்றுக்கு நிறுவனம் இட்ட முதல் பொதுவாக இரண்டாம் ஆண்டிலேயே திரும்பி வருகின்றது. இவ்வாறு நீதிமன்றம் நியாயம் கண்டது.

வாக்கைப் பேண வேண்டுமென்னும் பழைய அறத்தின்படி பார்த்தால் இத்தீர்ப்பிலே பிழை காண்பது அரிது. ஆயினும் அதனைக் கேட்கும் எவரது மனமும் முழு நிறைவு அடைவதில்லை. சேவையைத் தர இயலாதவர் நிறுவனத்தார். தந்தால் பெறவும் பணம் செலுத்தவும் ஆயத்தமாய் இருந்தவர் வாடிக்கையாளர். முடிவிலே தர இயலாதவருக்குப் பணமும், பெற ஆயத்தமானவருக்குச் சுமையும் வந்து சேர்ந்தன.

இக்குறை சட்டம் இயற்றுவோர் கண்ணிலும் பட்டது. 2012ஆம் ஆண்டு மே மாதத்திலே நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்புச் சட்டத் திருத்தம், குடிபெயரும் வாடிக்கையாளரைப் பற்றிப் புதிய விதியொன்றை வகுத்தது. அதன்படி, புதிய வீட்டிலும் நிறுவனம் அதே சேவையை வழங்குமாயின், ஒப்பந்தம் தவணையும் நிபந்தனையும் மாறாது அங்கே தொடரவேண்டும். இடம் மாற்றுவதற்கு நியாயமான கட்டணம் பெறலாம்; ஆனால் அது புதிய இணைப்புக்குரிய கட்டணத்தை விஞ்சலாகாது. புதிய வீட்டிலே அச்சேவை வழங்கப்படாதாயின், வாடிக்கையாளர் மூன்று மாத அறிவித்தல் கொடுத்து விலகலாம்.

மூன்று மாதம் என்பது நடுவழி. எனினும் அம்மூன்று மாதமும் எந்நாளிலிருந்து தொடங்கும் என்பதிலே வழக்குகள் எழுந்தன. வீடு மாறிய பின்னரே தொடங்குமென்று நிறுவனங்கள் வாதிட்டன; முன்கூட்டியே அறிவித்தால் ஆகாதோ என்று வாடிக்கையாளர் கேட்டனர். 2021ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் 60ஆம் பிரிவு இப்பிணக்கைத் தீர்த்தது. அறிவித்தற் காலம் ஒரு மாதமாகக் குறைந்தது. வீட்டை விட்டு வெளியேறும் நாளிலேயே ஒப்பந்தம் முடியும்படி முன்னதாக அறிவித்தல் கொடுக்கவும் இடமுண்டாயிற்று.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். வீடு மாறினால் ஒப்பந்தம் தானே முறியும் என்று ஜேர்மனியச் சட்டம் சொல்லவில்லை. புதிய இடத்திலும் அதே நிறுவனம் அதே சேவையைத் தருமாயின், வாடிக்கையாளர் எஞ்சிய தவணைக்குக் கட்டுண்டவரே. நிறுவனத்தின் கை எட்டாத இடத்துக்குப் போகும்போதே விலகும் உரிமை பிறக்கின்றது. வாக்கு அங்கே அழிந்துவிடவில்லை. தரவேண்டியவர் தருவாராயின் பெறுபவரும் தம் பங்கைச் செய்யவேண்டும் என்று செம்மைப்படுத்தப்பட்டது என்பதே பொருத்தம்.

இச்சட்டத்தின் எல்லையையும் மற்றொரு வழக்கு காட்டுகின்றது. ஹனோவர் நகரிலே உடற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஒருவர் 24 மாத ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தார். மாதக் கட்டணம் 65 யூரோ. அவ்வொப்பந்தம் நீடிக்கப்பட்டிருந்த காலத்திலே, 2013ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவர் தொழில் நிமித்தம் கீல் நகருக்குச் சென்றார். குறித்த காலத்துக்குச் சேவைசெய்யும் படைவீரராக நியமனம் பெற்ற அவர், 2014ஆம் ஆண்டு யூனிலே றொஸ்டொக் நகருக்கு அனுப்பப்பட்டார். மேலிடத்துக் கட்டளையால் ஊர் மாறியவர் என்று அவருக்காக இரங்கலாம். ஆயினும் 2016ஆம் ஆண்டு மே 4ஆம் திகதி அதே கூட்டாட்சி நீதிமன்றம், அவர் கட்டணம் செலுத்தவே வேண்டுமென்று தீர்த்தது. தொலைத்தொடர்புக்காகச் சட்டம் வகுத்த விலக்கு உடற்பயிற்சி நிலையத்துக்குப் பொருந்தாது என்றும் கூறிற்று. ஆகவே ஒப்பந்தத்தின் பொதுவிதி இன்றும் பழைய விதியே. இணைய இணைப்பு முதலிய தொலைத்தொடர்புச் சேவைகளுக்கு மட்டுமே சட்டசபை தனி வாயில் ஒன்றைத் திறந்தது. இணைய இணைப்பின்றி இக்காலத்திலே படிப்பும் தொழிலும் நடத்தல் அரிது. பழைய இணைப்புக்கும் புதிய இணைப்புக்கும் ஒருங்கே பணம் கட்டும் நிலை எளிய குடும்பத்துக்குப் பெருஞ்சுமை. இவ்வாறு நோக்கினால் அவ்வாயிலின் தேவை நமக்கு விளங்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மேலே கூறிய ஜேர்மனியச் சட்டம் நம் நாட்டு வாடிக்கையாளருக்கு உரிமை எதனையும் தருவதன்று. நமக்கு முதற் பாதுகாப்பு நம் கையிலுள்ள ஒப்பந்தப் பத்திரமே. ஆகையால் கையொப்பமிடுமுன் நான்கு வினாக்களைக் கேட்டு, விடைகளை எழுத்திலே பெறுங்கள். தவணை எத்தனை மாதம்? தவணைக்கு முன் விலகினால் செலுத்தவேண்டிய தொகை எவ்வாறு கணக்கிடப்படும். எஞ்சிய மாதங்கள் முழுவதுக்குமா, இணைப்புச் செலவின் மீதிக்கு மட்டுமா? வேறு ஊருக்கு மாறினால் இணைப்பையும் மாற்றித் தருவார்களா, அதற்குக் கட்டணம் யாது? ரவுட்டரும் அன்ரெனாவும் யாருக்குச் சொந்தம்? இடமாற்றம் எதிர்பார்க்கும் உத்தியோகத்தர் சற்றுக் கூடிய விலையாயினும் குறுகிய தவணையை, அல்லது தவணையே இல்லாத முறையைத் தேர்தல் நன்று. இணைப்புச் செலவை முதலிலேயே கட்டிவிட்டால் தவணைக்குக் கட்டுப்படவேண்டியதில்லை என்னும் ஒழுங்கு உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள்.

இடமாற்றக் கட்டளை வந்துவிட்டதாயின், முதலிற் செய்யவேண்டியது இணைப்பை வெட்டுவிப்பதன்று. நான் செய்த பெரும் பிழை அதுவே. புதிய முகவரியை எழுதி, அங்கே அதே சேவையை அதே வேகத்தோடு தரமுடியுமா என்று நிறுவனத்தைக் கேளுங்கள். முடியாது என்றால் அவ்விடையையும் எழுத்திலே பெறுங்கள். தொலைபேசியிலே சொன்ன சொல்லுக்குச் சாட்சி இல்லை, கடிதத்துக்கு உண்டு. இடமாற்றக் கட்டளையின் பிரதியையும் இணைத்து, தொகையைக் குறைக்கும்படி வேண்டுங்கள். அடுத்து, அந்த வீட்டுக்கு வரும் புதிய குடியிருப்பாளரோ வீட்டுக்காரரோ இணைப்பைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள இசைவாரா என விசாரியுங்கள். நான் விட்டுச்சென்ற வீட்டுக்கு வந்த குடும்பம் இணைய இணைப்புக்காக அலைந்த செய்தியைப் பின்னரே அறிந்தேன். கம்பியைக் கழற்றுமுன் கேட்டிருந்தால் பெயர் மாற்றம் செய்திருக்கலாமே என்று அந்நிறுவனத்து ஊழியர் ஒருவரே சொன்னார். பதினான்கு மாதக் கட்டணமும் ஒரு வினாவைக் கேளாமையின் விலையாயிற்று.

பொருள்களை ஒப்படைக்கும்போது பற்றுச்சீட்டுப் பெறுங்கள். ரவுட்டர் வரவில்லை என்று பின்னர் ஒரு கணக்கு வருதலும் கூடும். வங்கியிலிருந்து மாதந்தோறும் தானாகவே பணம் செல்லும் ஒழுங்கு செய்திருந்தால், முடிவுத் திகதி எழுத்திலே உறுதியான பின் அதனை நிறுத்துங்கள். அதற்கு முன் நிறுத்தினால் நிலுவை என்று பெயர் வரும். நிறுத்த மறந்தால் பணம் போய்க்கொண்டேயிருக்கும்.

இவ்வளவு செய்தும் நியாயம் கிட்டவில்லையாயின், முதலில் நிறுவனத்துக்கே எழுத்து மூலம் முறையிடுங்கள். அதற்கு மேலே, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்துக்கு 1996ஆம் ஆண்டிலே செய்த திருத்தத்தின்படி அமைக்கப்பட்ட தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையும் உண்டு. முறைப்பாடு செய்வோர் ஒப்பந்தப் பிரதி, பற்றுச்சீட்டுகள், கடிதங்கள் ஆகியவற்றைத் திகதி வரிசையிலே அடுக்கி இணைப்பாராயின், விடயத்தை ஆராய்வோர்க்கு வேலை இலகுவாகும்.

நேயர்களே, ஜேர்மனிய வாடிக்கையாளர் தம் வழக்கிலே தோற்றார். எனினும் தீர்ப்பு வந்து இரண்டு ஆண்டு நிறையுமுன் அவர் நாட்டுச் சட்டம் அவர் கேட்டதற்கு அண்மையான விதியொன்றை ஏற்றது. நியாயமான வேண்டுகோளை ஒழுங்காக எடுத்துரைப்பது உடனே பயன் தராவிடினும் வீணாவதில்லை என்பதை இதிலிருந்து நாம் கொள்ளலாம். நம் நாட்டிலும், இணைப்புச் செலவின் மீதியைச் செலுத்த வாடிக்கையாளரும், தர இயலாத சேவைக்குப் பணம் கேளாதிருக்க நிறுவனமும் இசைந்தால், இரு பக்கத்தாருக்கும் அது நியாயமான எல்லையாய் அமையும். அத்தகைய விதி ஒன்று வேண்டுமென்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

அதுவரைக்கும் ஒரு சிறு வேலையை இன்றே செய்துவைக்கலாம். வீட்டிலே காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைத்திருக்கும் கோவையிலே இணைய இணைப்பு ஒப்பந்தத்தையும் தொலைக்காட்சி ஒப்பந்தத்தையும் எடுத்துச் சேர்த்து வையுங்கள். வைக்குமுன் பின்புறத்தையும் ஒருமுறை வாசியுங்கள்.